சுறாவின் வாயில் ஒரு ரூபாய்

அத்தியாயம் 3

"செத்த மீனுக்கு எதுக்குங்கக்கா ஸ்கேன்? அதுக்கென்னா தலைவலியா?"

சோஹைல் இதைக் கேட்ட இடமும் சரியில்லை, நேரமும் சரியில்லை. இடம், தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர் அறை. நேரம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. எதிரே உட்கார்ந்திருந்த சுகுணா அப்போதுதான் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துப்பறிவாளர் சோபனா தன் உதவியாளனை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடு என்று அதற்கு அர்த்தம். இரண்டு வருஷமாக சோஹைலுக்கு அந்த அர்த்தம் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், அவன் வாய் அவன் பேச்சையே கேட்பதில்லை.

சோபனா பத்தொன்பது வருஷம் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவள். செத்ததாகச் சொல்லப்படுகிறவர் நிஜமாகவே செத்தாரா என்று ஊர் ஊராகப் போய் விசாரிப்பதுதான் வேலை. அப்படிப் போனதில் மூன்று பேரை உயிரோடு கண்டுபிடித்தாள். அதில் ஒருத்தர் அவளுக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தார். இப்போது ஒரு டெய்லர் கடை மாடியில் சொந்தமாக ஆபீஸ் வைத்திருக்கிறாள்.

"நீங்க சொல்லுங்க சுகுணா. மொதல்லருந்து."

சுகுணா இந்த சென்டரில் எட்டு வருஷமாக சி.டி. ஸ்கேன் எடுப்பவள். சோபனாவைக் கூப்பிட்டவளும் அவள்தான். விபத்தில் முதுகு போன புருஷனும், படிக்கிற இரண்டு பெண்களும் அவள் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டால் தர்மபுரியில் மட்டுமல்ல, கிருஷ்ணகிரி சேலம் வரைக்கும் எந்த சென்டரும் அவளைச் சேர்க்காது.

"ஞாயித்துக்கெழமை லீவுங்க. காலேஜ் விலங்கியல் மேடம் அன்ஜும் ஒரு புலிச்சுறாத் தலையைக் கொண்டாந்தாங்க. நாப்பது வருசமா அவங்க மியூசியத்துல கண்ணாடித் தொட்டியில, ஃபார்மலின் மருந்துல ஊறினது. இப்பத் தொட்டி ஒழுகுது, பசங்களுக்குக் கண்ணு எரியுதுன்னு பிரின்ஸிபால் அதைப் பொதைக்கச் சொல்லிட்டாரு. பொதைக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா உள்ளாற பாத்துடணும்னு மேடம் ஆசைப்பட்டாங்க."

"வெட்டிப் பாக்க வேண்டியதுதானே?" என்றான் சோஹைல்.

"வெட்டினா தாடை எது எதோட எப்பிடி நிக்குதுங்கறது கலைஞ்சி போயிடுங்க. இங்க பாருங்க."

சுகுணா மவுஸைத் தொட்டதும் ஆளே மாறிப்போனாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு தலை எழுந்து மெல்லத் திரும்பியது.

"இதுக்கு எலும்பே கெடையாது. எல்லாம் நம்ம காதுமடல் மாதிரி குருத்தெலும்புதான். அதான் சாம்பலாத் தெரியுது. பல்லு மட்டும் வெள்ளை. மேல்தாடை மண்டையோட ஒட்டாம தொங்குது பாருங்க. நமக்குக் கீழ்த்தாடை மட்டும்தான் ஆடும். இது ரெண்டு தாடையையும் முன்னாடி தள்ளிக்கிட்டு வந்து கடிக்கும்."

"எங்க பெரியம்மா அப்பிடித்தான் பேசவே செய்வாங்க."

"முன்வரிசைப் பல்லு விழுந்தா பின்வரிசை முன்னாடி வந்துரும். பின்னால இன்னும் அஞ்சு வரிசை காத்துக்கிட்டிருக்குது."

"ரேஷன் கடை."

"சோஹைலு," என்றாள் சோபனா. அவன் உதட்டின் மேல் விரல் வைத்துக்கொண்டான்.

சுகுணா தொடர்ந்தாள். முதல் படம் பதினொன்றரைக்கு எடுத்தது. சுறாவுக்கு மூக்கு நீளம். மனிதத் தலைக்கு வைக்கிற அளவில் எடுத்ததால் தாடையின் நுனி படத்தில் விழவில்லை. சரி, மறுபடி எடுக்கலாம் என்று இருந்தபோது முதலாளி டாக்டர் இளம்பரிதியிடமிருந்து போன் வந்தது. பைக் விபத்து, தலையில் அடி, உடனே எடு. சுறாவை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வைத்து வராந்தாவில் தள்ளி, பார்க்கிறவர்கள் பயப்படக் கூடாது என்று வெள்ளைத் துணியால் மூடினார்கள். சுகுணாவும் அன்ஜுமும் அடிபட்ட அருண்குமாரைப் பார்க்க உள்ளே ஓடினார்கள். அவனை அனுப்பிவிட்டு, பன்னிரண்டே காலுக்குச் சுறாவை மறுபடி உள்ளே இழுத்து இரண்டாவது படம் எடுத்தார்கள். ஆட்டோ காத்திருந்ததால் அதைத் திறந்து பார்க்காமல் அப்படியே ஒரு வட்டில் ஏற்றிக்கொண்டாள் அன்ஜும். சாயங்காலமே தலையைப் புதைத்தாயிற்று. மறுநாள் காலை அவள் அந்த வட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வெடித்தது.

"இதான் ரெண்டாவது படம்."

வாயின் நடுவில் ஒரு வட்டம் கண் கூசும் வெள்ளையில் எரிந்தது. அதிலிருந்து நாலாபக்கமும் மத்தாப்பு மாதிரி கோடுகள் சிதறி, தாடை, பல்வரிசை எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தன.

"இரும்புங்க. இரும்பு இருந்தா படம் இப்பிடித்தான் நாசமாப் போவும். அளந்து பாத்தேன். இருவத்திரண்டு மில்லிமீட்டர்."

சோஹைல் பாக்கெட்டில் கையை விட்டு ஒரு நாணயத்தை எடுத்து மேஜையில் கிடந்த ஸ்கேலின்மேல் வைத்தான். இருபத்திரண்டு. ஒரு ரூபாய்.

"இது?" சோபனா திரையின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினாள். தொண்டைக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக இருபது முப்பது வெளிறிய துணுக்குகள்.

"அன்ஜும் மேடம் மொதல்ல அதைப் புது வகைப் பல்லுன்னு நெனச்சு குதிச்சாங்க. அப்பறம் பாத்தா மொதப் படத்துல அது இல்ல."

சோபனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பல்லுன்னா ஒரு பக்கம் எதையாவது புடிச்சிக்கிட்டு நிக்கணும். இது ஒண்ணுகூட எதுலயும் ஒட்டல. உருண்டு போயி பள்ளத்துல சேந்து கெடக்குது. எல்லாம் ஒரே நீளம், ரெண்டு முனையும் கூரு. சோஹைலு, காலைல என்னா சாப்பிட்ட?"

"பொங்கலுங்க."

"அடுப்புல வெக்கறதுக்கு முன்னாடி அது என்னாவா இருந்துது?"

சோஹைல் திரையைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். "அரிசி!"

"அரிசியும், ஒரு ரூபாக் காசும், வாயில."

சுகுணா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, வாய்க்கரிசி!"

"எங்க பக்கம் அந்த வழக்கம் இல்லீங்க. சண்டையில திட்டறப்பதான் கேட்டிருக்கேன்," என்றான் சோஹைல்.

"செத்தவங்களைப் பொதைக்கறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க போடறது. வாயில அரிசி, கூட ஒரு காசு. கடைசிச் சோறு," என்றாள் சோபனா.

"சுறாவுக்கு யாருங்க சொந்தக்காரங்க?"

பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் இளம்பரிதி வந்தார். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல்.

"துப்பறியற அம்மாவா? நல்லாப் பாருங்க. பேப்பர்ல போடறேன்னு நிருபர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். தர்மபுரியில மொதல் தடவையா சுறாவுக்கு ஸ்கேன்னு! இப்ப ஒரு ரூபா காசைப் போட்டு என் மானத்தை வாங்கியாச்சு. அந்த ரூம்ல இருந்தது இந்தம்மாதான். விளையாட்டுக்குப் பண்ணுச்சோ, வேணும்னு பண்ணுச்சோ. அஞ்சு மணிக்குள்ள வேற ஆளைக் காட்டுங்க. இல்லாட்டி நாளைக்கு இவங்க வர வேண்டாம்."

"வராந்தாவுல கேமரா இருக்குதே டாக்டர்?"

"இருக்குது," என்றார் டாக்டர். கொஞ்சம் குரல் இறங்கியது. "வயர் இல்ல."

*

"கேஸ் முடிஞ்சிதுங்கக்கா," என்றான் சோஹைல், மொபெட்டை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிக்கொண்டே. "வெள்ளைத் துணி மூடின ஸ்ட்ரெச்சர். பக்கத்துல அடிபட்டவனோட சொந்தக்காரங்க. நம்ம ஆளு போய்ச் சேந்துட்டான்னு நெனச்சு அரிசியைப் போட்டுட்டாங்க."

"துணியைத் தூக்கிப் பாத்தா சுறா இருக்கும். வரிசை வரிசையாப் பல்லோட. 'ஐயோ, நம்ம அருண்குமாருக்கு என்னா ஆச்சு'ன்னு கேக்க மாட்டாங்களா?"

"அழுவாச்சியில கண்ணு தெரியாதுங்க."

சோபனா சிரித்தாள். ஆனாலும் போய்ப் பார்க்கத்தான் வேண்டும் என்றாள்.

காரிமங்கலத்து அருண்குமார் தலையில் கட்டோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏழாவதோ எட்டாவதோ. பக்கத்தில் அவன் மனைவி சென்னம்மாள் சட்னிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். சோபனா வாயைத் திறப்பதற்குள் சோஹைல் முந்திக்கொண்டான்.

"ஏங்கக்கா, ஞாயித்துக்கெழமை ஸ்கேன் சென்டர்ல நீங்க யாராச்சும் வாய்க்கரிசி போட்டீங்களா?"

சட்னிக் கிண்ணம் 'ணங்' என்று ஸ்டூலில் இறங்கியது.

"யாருக்குடா வாய்க்கரிசி? குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கிட்டு இட்லி திங்கற மனுசனுக்கா? எவன்டா நீ? எந்த ஊருடா? ஏங்க, அந்த டம்ளரை எடுங்க, இவன் மண்டையில ஒரு ஸ்கேன் எடுக்க வெக்கறேன்!"

சோபனா நடுவில் புகுந்தாள். இவன் கொஞ்சம் அப்படித்தான், சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்தவன் என்று ஒரே போடாகப் போட்டு சென்னம்மாளை உட்கார வைத்தாள். நாலு வார்த்தை அவள் புருஷனைப் பற்றி விசாரித்தாள். அதற்கப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கி வராந்தாவுல வெள்ளைத் துணி போத்தின ஸ்ட்ரெச்சர் ஒண்ணு இருந்துதே, பக்கத்துல யாராச்சும் நின்னாங்களா?"

"நின்னாருங்க. பாவம்." சென்னம்மாள் குரல் சட்டென்று இளகிவிட்டது. "காக்கிச் சட்டை. இம்மாம் பெரிய மீசை. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னாரு. சத்தமே இல்லாம கண்ணுல தண்ணி ஊத்துது. எங்கூட்டுக்காரருக்கு என்னாகுமோன்னு நானும் அழுதுக்கிட்டிருக்கேன், அவரும் அழுவறாரு. மனசு கேக்கல. உங்களுக்கு யாருங்கண்ணான்னு கேட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"'இருவத்தாறு வருசம் ஒண்ணா இருந்தோம்மா'ன்னாரு. சம்சாரம்போலன்னு நெனச்சேன். எங்கிட்ட இருந்த பிஸ்கெட்டைக் குடுத்து, அழுவாதீங்கண்ணா, போறவங்க போயிட்டாங்கன்னு தேத்தினேன். யாருங்க அந்தம்மா?"

"புலிச்சுறா," என்றான் சோஹைல்.

அவர்கள் வெளியே வந்தபோது டம்ளர் நிஜமாகவே பின்னால் பறந்து வந்தது.

"பாத்தியா," என்றாள் சோபனா, படியிறங்கிக்கொண்டே. "விபத்துன்னு கேட்டு அடிச்சிப் புடிச்சி ஓடியாறவங்க மடியில அரிசி முடிஞ்சிக்கிட்டு வர மாட்டாங்க. போட்டவரு வூட்டுலருந்தே கொண்டாந்திருக்காரு. அன்னைக்கிப் பொதைக்கப் போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்ச ஆளு."

*

கல்லூரி மியூசியத்தில் தொட்டி இருந்த இடத்தில் ஒரு சதுரக் கறை மட்டும் இருந்தது. அன்ஜும் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இந்தச் சுறாவின் தாடையை வைத்துத்தான் அவளுடைய ஆராய்ச்சி.

"சுகுணா பண்ணலன்னு எனக்குத் தெரியும் மேடம். டாக்டர்கிட்டயும் சொன்னேன். அவர் கேக்கல."

"பெரிய மீசை, காக்கிச் சட்டை. உங்க காலேஜா?"

"எங்க லேப் அட்டெண்டர் முனியப்பன். அவர்தான் ஞாயித்துக்கெழமை சுறாவை ஆட்டோவில ஏத்திக் கொண்டுவந்தார். ஆனா நாங்க உள்ள இருந்தப்ப டீ குடிக்கப் போயிருந்தேன்னு சொன்னாரே? அதோட..." அன்ஜும் யோசித்தாள். "அவருக்கு இப்ப மீசை இல்ல. நேத்து மழிச்சிட்டு வந்தார். ஏன்னு கேட்டா, வெயிலுங்கறார்."

"மீசைக்கு வேர்க்குமா?" என்றான் சோஹைல்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கார்?" சோபனா கேட்டாள்.

"இருபத்தாறு. தொட்டிக்கு மருந்து மாத்தறது, கண்ணாடி துடைக்கறது எல்லாம் அவர்தான். வேற யாரையும் தொட விடமாட்டார். மூணு மாசத்துல ரிட்டையர்டு."

"பொதைச்சது யாரு?"

"அவர்தான். பின்னால குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடிட்டேன்னார்."

"குழியைக் காட்டுங்க. ஒரு மம்மட்டி குடுங்க."

மம்மட்டி சோஹைலின் கையில்தான் வந்து சேரும் என்பதில் சோஹைலுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உச்சி வெயில். முக்கால் மணிநேரம் வெட்டினான். இடுப்பளவு இறங்கியாயிற்று. மண்ணும் சுண்ணாம்பும் வந்ததே தவிர, சுறாவின் ஒரு பல்கூட வரவில்லை.

"இல்லீங்க!" குழிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினான். "காலிக் குழி! சுறாத் தாடைக்கு வெளியூர்ல கிராக்கின்னு சொல்வாங்க. மனுசன் வித்துட்டாருங்கக்கா. படத்துல தாடை தெரியக் கூடாதுன்னு காசைப் போட்டுக் கெடுத்து, பொதைக்கற மாதிரி பொதைச்சி, சரக்கைத் தள்ளிட்டாரு. மீசையை எடுத்தது அடையாளம் தெரியக் கூடாதுன்னு!"

நல்ல கதைதான். அன்ஜுமின் முகம் வெளுத்துவிட்டது. "முனியப்பனா? இருக்காதுங்க. அவர் அப்படிப்பட்டவர் இல்ல."

சோபனா அன்ஜும் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கி ஆளு எங்க?"

"லீவு. கடுதாசி குடுத்திருக்கார்." அன்ஜும் மேஜை டிராயரைத் துழாவி எடுத்து நீட்டினாள். நெருங்கிய உறவினரின் மூன்றாம் நாள் காரியத்தை முன்னிட்டு ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று எழுதி, கீழே இண்டூர் விலாசம் போட்டிருந்தது.

சோபனா அதைப் படித்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய்.

"வண்டியை எடு. இண்டூரு போவணும். மேடம், நீங்களும் ஸ்கூட்டர்ல பின்னால வாங்க."

"திருடனைப் புடிக்கவா?" என்றான் சோஹைல், மண்ணைத் தட்டிக்கொண்டே.

"ஒருத்தர் மீசையை மழிச்சா, அவரு ஒளியறாருன்னு நீ நெனைக்கற. நான் பத்தொன்பது வருசம் சாவு விசாரிச்சவ. நான் வேற மாதிரி நெனைப்பேன்."

*

இண்டூர் தாண்டி மண்பாதையில் ஒரு கிலோமீட்டர். தக்காளித் தோட்டத்துக்கு ஓரமாக ஒரு புங்கமரம். அதன் கீழே புதிதாக மெழுகிய சின்ன மண்மேடு. மேட்டின் மேல் மஞ்சள், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்குக்குக் கீழே வெளேரென்று இருந்த ஒரு மனிதர் செம்பிலிருந்து பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

பத்தடி தள்ளி இடுப்பில் கைவைத்து நின்றிருந்த பெண்மணி, வந்தவர்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள். "வாங்க வாங்க, நீங்களும் பாருங்க இந்தக் கூத்தை! மீனுக்குப் பாலு ஊத்தறாருங்க எங்கூட்டுக்காரரு! வூட்டுல டீக்குப் பாலு இல்ல. நான் செத்தாக்கூட இந்தாளு மீசையை எடுப்பாரான்னு சந்தேகந்தான்!"

அவர் மனைவி மாதம்மாள். முனியப்பன் அன்ஜுமைக் கண்டதும் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"தப்புத்தானுங்க மேடம். குழியில போட்டு சுண்ணாம்பு கொட்டச் சொன்னீங்க. மனசு வரல. குப்பை கொட்டற எடங்க அது. அதான் நம்ம மண்ணுலயே வெச்சிக்கலாம்னு கொண்டாந்துட்டேன்."

சோஹைல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"வாய்க்கரிசியும் நீங்கதானே போட்டீங்க?" சோபனா கேட்டாள்.

"ஆமாங்க. படம் எடுத்து முடிச்சி வெளிய தள்ளிட்டாங்க, வெள்ளைத் துணி வேற போத்திட்டாங்க. எல்லாம் முடிஞ்சிதுன்னு நெனச்சேன். வூட்டுலருந்தே ஒரு முடிச்சு அரிசி கொண்டாந்திருந்தேன். போட்டேன். அப்பிடியே வெளிய போயி டீக்கடையில உக்காந்துட்டேன். உள்ள மறுபடி கொண்டு போனது எனக்குத் தெரியாதுங்க."

"அது உங்களுக்கு யாருண்ணா?" என்றான் சோஹைல். கிண்டலாகக் கேட்கவில்லை.

முனியப்பன் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் அட்டெண்டருங்க தம்பி. லேப்புல யாருக்கு முன்னாடியும் நாக்காலி போட்டு உக்காந்து பேச முடியாது. அதுகிட்ட மட்டும்தான் உக்காந்து பேசுவேன். எம் புள்ள ஆறு மாசத்துல போனப்பகூட அங்கதான் போயி உக்காந்திருந்தேன். ராசப்பன்னு பேரு வெச்சிருந்தேன்."

மாதம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். முகத்தைத் திருப்பித் தக்காளிச் செடிகளைப் பார்த்தாள்.

சோபனாவுக்கு அந்தக் கணத்தில் தன் தொழிலே பிடிக்கவில்லை என்பதைச் சோஹைல் கண்டுகொண்டான். ஆனால் மணி மூன்றேகால் ஆகியிருந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நீங்க போட்ட காசு ரெண்டாவது படத்தைக் கெடுத்துருச்சுண்ணா. சுகுணாதான் போட்டாங்கன்னு டாக்டர் சொல்றாரு. அஞ்சு மணிக்கு அவங்க வேலை போயிடும்."

"எந்தப் பொண்ணு? தலைக்கு ஒரு தலைகாணி வெச்சி அலுங்காமப் படுக்க வெச்சிதே, அந்தப் பொண்ணா?"

"அவங்கதான்."

முனியப்பன் புங்கமரத்தில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தார்.

"யோவ்!" மாதம்மாள் பதறினாள். "மூணு மாசத்துல ரிட்டையர்டு ஆவற! திருடிட்டன்னு எழுதி பென்சனை நிறுத்திட்டா?"

"ஒரு பொண்ணு பொழப்பைப் பொதைச்சிட்டு நான் பென்சன் வாங்கித் திங்கறதா?"

"நிறுத்த முடியாதுங்க," என்றாள் அன்ஜும். அவள் கண் கலங்கியிருந்தாலும் குரல் வாத்தியார் குரலாகவே இருந்தது. "சனிக்கெழமையே மியூசியம் ரிஜிஸ்டர்லருந்து அதை நீக்கி பிரின்ஸிபால் கையெழுத்துப் போட்டுட்டார். ஞாயித்துக்கெழமை அது காலேஜ் சொத்தே இல்ல. பொதைக்கச் சொன்னோம், பொதைச்சீங்க. எங்கன்னு யாரும் எழுதல."

நாற்பது வருஷம் மருந்தில் ஊறிய தலையை இரண்டு நாள் மண் ஒன்றும் செய்யவில்லை. முனியப்பன் அதைக் கையால் எடுத்து, பம்புசெட்டுத் தண்ணீரில் கழுவினார். தாடையைத் திறந்து உள்ளே கையைவிட்டு, முதலில் காசை எடுத்தார். பிறகு அரிசியை ஒவ்வொன்றாகத் துழாவி எடுத்தார். அந்தப் பல்வரிசையைப் பார்த்ததும் சோஹைல் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

*

நாலு நாற்பதுக்கு ஸ்கேன் சென்டரின் வரவேற்பறையில் அழுக்கு வேட்டியோடு ஒருத்தர் சுறாத் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிற்று ஸ்கேனுக்கு வந்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

டாக்டர் இளம்பரிதி முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க முகம் சிவந்தது.

"சரி, போட்டது இவரு. ஸ்ட்ரெச்சரை வராந்தாவுல கவனிப்பார் இல்லாம விட்டது யாரு? அது சுகுணா தப்புதானே?"

"உங்க தப்பு டாக்டர்," என்றாள் சோபனா.

"என்னது?"

"பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு நீங்கதான் போன் பண்ணி, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு இந்தக் கேஸை மொதல்ல எடுன்னு சொன்னீங்க. நல்ல காரியம். சுகுணா எட்டு நிமிசத்துல படத்தை எடுத்து அனுப்பியிருக்காங்க. ஆஸ்பத்திரியில விசாரிச்சேன், அந்தப் படத்தைப் பாத்துத்தான் ஒடனே ஆபரேசன் பண்ணாங்களாம். அருண்குமார் பொழைச்சிட்டாரு. அந்த எட்டு நிமிசம் அவங்க சுறாவுக்குக் காவல் இருந்திருந்தா இன்னைக்கி நெசமாலுமே ஒரு வூட்டுல வாய்க்கரிசி போட்டிருப்பாங்க. கவனக்குறைவுன்னு எழுதறதா இருந்தா இதையும் சேத்து எழுதுங்க."

டாக்டர் வாயைத் திறந்தார்.

"அந்த நிருபர் நாளைக்கு எங்கிட்டயும் பேசறார் டாக்டர்," என்றாள் அன்ஜும் மரியாதையாக. "படம் எடுத்தது சுகுணான்னுதான் சொல்லப் போறேன். அவங்க இங்க வேலை செய்யறாங்கன்னு சொல்லலாமா, செஞ்சாங்கன்னு சொல்லணுமா?"

டாக்டர் சுறாவைப் பார்த்தார், முனியப்பனைப் பார்த்தார், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்ற சுகுணாவிடம், ரொம்ப கறாரான குரலில், "அஞ்சரைக்கு ஒரு கேஸ் வருது. அதுக்குள்ள இதை முடி," என்றார்.

சுகுணாவுக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. புரிந்ததும் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. சுறாவைத் தலையணையில் கிடத்தினாள். கையுறையை மாட்டி, தாடைக்குள் மணிக்கட்டு வரை கையைவிட்டு மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்தாள். இந்தத் தடவை மூக்கு நுனிவரை அளந்து வைத்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"பேரு போட்டாத்தான் மெஷின் ஓடும். என்னா பேரு?"

"ராசப்பன்," என்றார் முனியப்பன்.

"வயசு?"

அவர் அன்ஜுமைப் பார்த்தார். "இருவத்தாறுன்னு போடுங்க," என்றார்.

சுகுணா அப்படியே அடித்தாள். பிறகு எழுந்து ஸ்கேன் அறை வாசலுக்குப் போனாள். அங்கே சோஹைல், சோபனா, அன்ஜும், டாக்டர் எல்லோரும் முனியப்பனோடு சேர்ந்து மெஷின் வளையத்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க. கதவைச் சாத்தணும்."

மூன்று பேர் நகர்ந்தார்கள். டாக்டர் நகரவில்லை.

"நீங்களுந்தான் டாக்டர்."

இளம்பரிதி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தன் சொந்த ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் முனியப்பனும் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பினார்.

"அண்ணா, நீங்க எங்க போறீங்க?" சுகுணா ஆணியில் மாட்டியிருந்த, கதிரைத் தடுக்கும் கனமான ஈய அங்கியை எடுத்து, அவர் தோளில் போட்டு, பின்னால் நாடாவை இறுக்கிக் கட்டினாள். "பேஷண்டோட கூட வந்தவங்க ஒருத்தர் உள்ள இருக்கலாம்."